நாற்பதாவது வண்டியில் வந்த சாமான்

தேனகரத்தை ஆண்ட அரிந்தம பூபதிக்கு ஒரு நாள் கடற்காற்று வேண்டும் போல இருந்தது. ராஜாவுக்குத் தோன்றிவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா? தலைநகரத்தையே கடற்கரை அலையூருக்கு மாற்றிவிடுவோம் என்றார். நடுவில் இரண்டு ஆறு, ஒரு காடு, வழிநெடுக அடுத்த நாட்டுச் சுங்கச்சாவடிகள்.

பொக்கிஷ அதிகாரி வன்மீகநாதர் கணக்குப் போட்டார். வண்டி வாடகை, மாட்டுத் தீவனம், பரிசல் கூலி, சுங்கம் என்று அடுக்கிக்கொண்டே போய், எண்ணூறு வண்டி வேண்டும், அந்த வருஷத்து நெல் வரி முழுக்க அதற்கே சரியாகிவிடும் என்றார். அரசர் முகம் சுண்டிப்போயிற்று.

ஆபத்சகாயம் அப்போது சும்மா இருந்திருக்கலாம். சபையில் வேடிக்கையாகப் பேசி அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவர் உத்தியோகம், கணக்குப் பார்ப்பது அல்ல. ஆனால் அவர் நாக்கு என்றைக்கு அவரைக் கேட்டுக்கொண்டு பேசியது? நாற்பது வண்டி போதுமே என்று சொல்லித் தொலைத்தது.

வன்மீகநாதர் விடுவாரா? அப்படியானால் இவரே நடத்தட்டும் என்றார். ஒரு வண்டி கூடினாலும் அலையூரில் எல்லோருக்கும் தரப்போகும் வீடு இவருக்குக் கிடையாது. நாற்பதிலும் சாமான்தான் வர வேண்டும். ஓர் ஆள் ஏறினாலும் வீடு போச்சு. அரசர் சரி என்று தலையாட்டிவிட்டு, தம் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார். ராணி முதல் காவல்காரன் வரை யாரிடமும் 'இதை விட்டுவிட்டு வா' என்று சொல்லவே கூடாதாம்.

ஆபத்சகாயம் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இருக்கிற வீடு அரண்மனை வீடு. அதைக் காலி செய்தாக வேண்டும். அங்கேயும் இல்லை என்றால் சத்திரம்தான். மனைவி தையல்நாயகி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அடுத்த தெருவிலிருந்து இங்கே குடிவர இரண்டு வண்டி என்று திட்டம் போட்டு ஏழு வண்டி பிடித்த மனுஷர். விளக்கை எந்த மூட்டையில் கட்டினோம் என்று தெரியாமல் வந்த அன்றைக்கே குடும்பத்தை இருட்டில் உட்கார வைத்தவர். அவர் ராஜ்யத்தைக் கட்டித் தூக்கப்போகிறாராம். அத்தனையும் உண்மை. 

"அந்த ஏழில் நாலு வண்டி வெறும் குப்பை. மூட்டை கட்டி வந்ததால் மானம் தப்பியது. கல்யாணச் சீர் மாதிரித் தட்டில் வைத்து ஊரே பார்க்கத் தூக்கி வந்திருந்தால், நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பேன்" என்றாள்.

ஆபத்சகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் ஊரெல்லாம் முரசு அறைந்தார்கள். யாரும் எதையும் கொண்டுவரலாம், தடையில்லை. ஆனால் அலையூர் ராஜவீதியில் மூட்டையைப் பிரித்து, எல்லாவற்றையும் சீர்வரிசையாகத் தட்டில் வைத்து எடுத்துப்போக வேண்டும். உடையவர் முன்னால் நடக்க வேண்டும். கட்டியக்காரன் ஒவ்வொரு பொருளையும் அவர் பெயர் சொல்லிக் கூவுவான்.

அவ்வளவுதான். முதுகுப் பக்கம் மட்டும் வெட்டு விழுந்திருந்த சேனாதிபதியின் கவசம் அன்றைக்கே கன்னான் உலைக்குப் போயிற்று. ராணியம்மா ஒட்டுப்போட்ட மெத்தைகளைத் தானம் செய்து புண்ணியம் கட்டிக்கொண்டாள். வன்மீகநாதர் வீட்டிலிருந்து அரண்மனை முத்திரை குத்திய அண்டாக்கள் சத்தமில்லாமல் அரண்மனைக்கே திரும்பின. அரசர்கூட, சின்ன வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிய பஞ்சு யானையை (நேற்று வரைக்கும்தான்) சமையற்காரன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். எல்லாம் சேர்ந்து முப்பத்தொன்பது வண்டி. மிச்சம் ஒன்று ஆபத்சகாயம் வீட்டுக்கு.

வழியெல்லாம் பாராட்டு. யோசனை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கடைசி ஆற்றங்கரையில், வண்டிக்காரனுக்கு மாடு ஓட்டத் தெரியவில்லை என்று இவரே அதட்டப் போனார். மாடு காலை மிதித்துவிட்டது. கால் வீங்கி ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பரிவாரம் முன்னால் போய்விட்டது. வேறு வழியில்லாமல் தையல்நாயகி அவரைத் தங்கள் வண்டியில் கிடத்திப் பாயைப் போட்டு மூடினாள்.

அலையூர் ராஜவீதியில் வன்மீகநாதர் நின்று வண்டிகளை எண்ணினார். சரியாக நாற்பது. முகம் செத்துவிட்டது. அப்போது கடைசி வண்டியில் பாய் தும்மியது. ஓடிப்போய்ப் பாயைத் தூக்கினார். வண்டியில் ஆள் இருக்கிறது, வீடு கிடையாது என்று அரசரிடம் கூவினார்.

அரசருக்கும் வருத்தம்தான். ஆனால் வாக்கு வாக்குதானே. ஆபத்சகாயம் வாயைத் திறந்தார். அத்தனை வருஷம் கேட்காமலே பேசிய நாக்கு, இன்றைக்குக் கெஞ்சியும் அசையவில்லை. தையல்நாயகிதான் முன்னால் வந்தாள்.

"இதை ஆள் என்று யார் சொன்னது மகாராஜா? வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடாது. வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். எங்கள் அப்பா காசு கொடுத்து எனக்கு வாங்கித் தந்த சீர் இது. சாமான் கணக்கில்தான் வரும்."

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "ஓய், நீரே சொல்லும். நீர் ஆளா, சாமானா?"

ஆள் என்றால் மானம் மிஞ்சும். சாமான் என்றால் வீடு மிஞ்சும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆபத்சகாயம் மனைவியைப் பார்த்தார். அவள் வீட்டுச் சாவியை வாங்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமான்தான் மகாராஜா" என்றார். "லேசாக விரிசல் விட்டிருக்கிறது. பார்த்து இறக்கச் சொல்லுங்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு பேர் அவரைப் பெரிய தட்டில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். தையல்நாயகி முன்னால் நடந்தாள். "தையல்நாயகி அம்மாள் சீர், பழைய புருஷன் ஒன்று" என்று கட்டியக்காரன் வீதி முழுக்கக் கூவிக்கொண்டு போனான். பொற்கிழியோடு வந்த அரசர், சாமானுக்கு எதற்குப் பரிசு என்று அதையும் அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டார்.