மீசைச்சாமி

யானை மறுபடியும் முட்டியது. கோட்டைக் கதவின் நடுப்பலகை பிளந்து, பிளவு வழியாகத் தந்தத்தின் நுனி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"மண்ணைக் கொட்டுங்கடி! கதவுக்கு முட்டுக் குடுங்க!" காத்தாயி கத்தினாள்.

பெண்கள் கூடை கூடையாகக் கொட்டினார்கள். ராசா படையைத் திரட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார். எதிரி தெற்கிலிருந்து வந்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம். ஆந்தைப்பாறைக் கோட்டையில் மிச்சம் இருந்தது காத்தாயியின் பெண் படையும், பிள்ளைகுட்டிகளும், வீரணனும்.

வீரணன் ஆண்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். கால் ஒடிந்து கிடந்ததால் ராசா அவனை விட்டுவிட்டுப் போனார். கால் சேர்ந்ததும் சும்மா கிடக்க முடியாமல், பெண் படை பழகும் திடலுக்குப் போய், "பொம்பளைங்க எறிஞ்சா காக்காகூடப் பறக்காது" என்றான்.

காத்தாயி கையிலிருந்த வளரியை எறிந்தாள். பிறை மாதிரி வளைந்த எறிகட்டை அது. அவன் தலைப்பாகையை மட்டும் தனியாகக் கொண்டுபோய் வேலியில் போட்டது.

வீரணன் அப்படியே அவள் காலில் விழுந்து, "கத்துக் குடு தாயி" என்றான். அவளுக்கு அவனில் பாதி வயசு. அதெல்லாம் அவன் பார்க்கவில்லை.

முதல் நாள் பழக்கம் முடிந்ததும், நல்ல சீடன் என்று பேர் வாங்கப் பார்த்தான். திடலில் கிடந்த எல்லா வளரிகளையும் விறகுக் கட்டு மாதிரி பொறுக்கி அணைத்துக்கொண்டு வந்தான். பெண்கள் எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"எடுத்த எடத்துல போடு," என்றாள் காத்தாயி.

"எது எங்க கிடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது உன் பாடு."

பொழுது சாயும்வரை குனிந்தபடியே நடந்தான். "என்னுது இங்க இல்ல மீசை, அந்தப் பக்கம்" என்று ஒவ்வொருத்தியும் அவனை அலைக்கழித்தாள். அவனுடைய மீசை அவ்வளவு பெரிது. பேரே அதுதான் ஆகிவிட்டது.

அந்தப் படையின் வழக்கம் அப்படி. எறிந்தவள்தான் எடுக்க வேண்டும். அடுத்த கை தொடக்கூடாது. எறிந்தவள் செத்துப்போனால் வளரி விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

"எடுத்துக் குடுத்தா என்ன தாயி குத்தம்?"

"அப்புறம் சொல்றேன்."

சொல்லவே இல்லை.

இப்போது அவனும் கடப்பாரையும் கையுமாக மண் தோண்டிக்கொண்டிருந்தான். கதவோரத்து மண் தீர்ந்துபோனது. கதவுக்கு உள்ளே சற்றுத் தள்ளி, மீசைச்சாமியைச் சுற்றி மட்டும் மேடாக இருந்தது.

மீசைச்சாமி என்பது ஒரு கல். நெஞ்சு வரைக்கும் மண்ணில் புதைந்த வீரன். ஓங்கிய வாள், பெரிய மீசை, அதில் ஒரு முனை மட்டும் கீழே தொங்கும். அந்த முனைக்கு அடியில், நெஞ்சருகே, உருண்டையாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மாலையில் கோத்த எலுமிச்சம்பழம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆண்கள் சண்டைக்குப் போகும்போது கள் ஊற்றிக் கும்பிடுவார்கள். பெண்கள் கிட்டே போகக்கூடாது.

வீரணன் கடப்பாரையை நிறுத்தினான். "சாமி குத்தம் ஆயிடும் தாயி."

"யானை உள்ள வந்தா சாமி கும்பிட ஆளே இருக்காது. தோண்டு."

தோண்டினான். நெஞ்சு தாண்டி, வயிறு தாண்டி, இடுப்புக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

சாமியின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

கூடையோடு ஓடிவந்த பூவாயி எட்டிப் பார்த்தாள். அந்தப் படையிலேயே பெரிய வாய் அவளுடையது. "அடியே! மீசைச்சாமி புள்ளை பெத்திருக்காருடோய்!"

யானை முட்டிக்கொண்டிருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு. எல்லோருக்கும் சிரிப்பு.

காத்தாயி மட்டும் மண்டி போட்டு மண்ணைக் கையால் துடைத்தாள். அது எலுமிச்சம்பழம் இல்லை. குழந்தையின் கை. அந்தக் கை மேலே நீண்டு மீசையின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் தொங்கியது.

"ஒட்டு மீசை," என்றாள் காத்தாயி.

"அப்ப இது பொம்பளையா?" வீரணன் கடப்பாரையைக் கீழே போட்டான்.

"எந்த ஆம்பளைய்யா இடுப்புல புள்ளையை வச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போறான்?"

"நான் கள்ளு ஊத்தியிருக்கேன் தாயி. எங்கப்பன் ஊத்தியிருக்கான். இவ பேரு என்ன?"

"மீசைச்சாமி."

"அது பேரா? அவ பேரு போச்சே!"

"பேரு போனா என்ன, கோட்டை இருக்குல்ல," என்றாள் காத்தாயி. எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். அவள் கண் மின்னியது. "பூவாயி! ஆட்டுக் கிடாய் எத்தனை இருக்கோ, அத்தனையையும் ஓட்டிக்கிட்டு வா. கறுப்பா பாத்து."

அதற்கப்புறம் எல்லாம் தலைதெறிக்க நடந்தது.

முதலில் யானையை விரட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு புகுந்து எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். செக்கு எண்ணெய், விளக்கெண்ணெய், தலைக்குத் தேய்க்க வைத்திருந்தது, சாமி விளக்கில் மிச்சம் இருந்தது எல்லாம். கொதிக்கக் கொதிக்கக் கதவுக்கு மேலிருந்து ஊற்றினார்கள். யானை மேல் ஊற்றவில்லை, அதற்கு முன்னால் தரையில் ஊற்றினார்கள். அதுவே போதுமாக இருந்தது. யானை பிளிறிக்கொண்டு திரும்பி, தன் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடியது. எதிரி பின்வாங்கி, அடுத்த மோதலுக்கு அணிவகுக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் போதும்.

கிடாய் மயிரை வெட்டினார்கள். பலா மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். வீரணன் வரிசையாக எல்லோருக்கும் மீசை ஒட்டினான். அந்தக் கோட்டையில் மீசையைப் பற்றித் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"எனக்கு முறுக்கி விடு," என்றாள் பூவாயி. "என் புருசனுக்கு வாய்க்காதது எனக்காவது வாய்க்கட்டும்."

"ஆட்டு நாத்தம் அடிக்குதே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவருக்கும் அப்படித்தான்டி அடிக்கும்."

ஒருத்தி கேட்டாள், "ஏக்கா, பலாப்பாலு எப்படிப் போகும்?"

"எண்ணெய் தேய்ச்சா போயிடும்."

"எண்ணெய் எங்க இருக்கு?"

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு மிச்சம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராசா வந்து பார்க்கும்போது பட்டாளமே மீசையோடு நிற்கப்போகிறது!

"சிரிச்சது போதும்," என்றாள் காத்தாயி. "மதில்ல ஏறினதும் ஒருத்தியும் வாயைத் தொறக்கக் கூடாது. மூஞ்சியை மீசை மறைச்சிரும். குரலை எதை வச்சு மறைக்கிறது? கத்தறதெல்லாம் மீசை கத்தட்டும்."

"நான் ஒருத்தனா?"

"ஒரு படைக்குக் கத்து."

மதில் ஏறும்போது வீரணன் அவளை நிறுத்தினான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு தாயி. எதுக்கு இந்த வேசம்? உன் மூஞ்சியோட நின்னு ஜெயிச்சா என்ன?"

"உள்ள இருக்கிறது நாமதான்னு தெரிஞ்சுதானே யானையோட வந்திருக்கான். நாமதான் ஜெயிச்சோம்னு தெரிஞ்சா நாளைக்கும் வருவான். மானம் போச்சுன்னு வருவான். கதவைப் பாத்தியா? இன்னொரு முட்டு தாங்குமா?"

வீரணன் கதவைப் பார்த்தான். தாங்காது.

"ராசா வந்துட்டாருன்னு நினைச்சாத்தான் விட்டுட்டுப் போவான். உள்ள புள்ளைங்க இருக்கு. ஏறு."

பின்வாசல் மலைப் பாதையில் கிழவிகளும் சிறுசுகளும் மாடுகளுக்குப் பின்னால் முட்செடிகளைக் கட்டி இழுக்க வைத்தார்கள். புழுதி வானத்துக்கு எழும்பியது. பறையும் தாரையும் முழங்கின. பெரிய படை ஒன்று மலை இறங்கி உள்ளே நுழைகிற மாதிரியே இருந்தது. மதில் மேல் தலைப்பாகையும் மீசையுமாக ஆட்கள் முளைத்தார்கள். ராசாவின் கொடி ஏறியது.

"ராசா வந்துட்டாரு!" என்று வீரணன் கத்தினான். கொஞ்சம் நகர்ந்துபோய் வேறு குரலில், "வெட்டுங்கடா!" என்றான். இன்னும் கொஞ்சம் ஓடி, "அந்த யானையைப் பிடிங்கடா!" என்றான். மூச்சு வாங்கியது. அவனைப் பார்த்து மீசைகள் எல்லாம் குலுங்கின. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

எதிரிப் படை சலசலத்தது. பின்வரிசை நகர ஆரம்பித்தது. ஆனால் தளபதி முட்டாள் இல்லை. குதிரையைத் தட்டி மதிலுக்குக் கிட்டேயே வந்துவிட்டான். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. படையைக் கூப்பிட வலது கையைத் தூக்கினான்.

தூக்கிய கை இறங்கவில்லை. காத்தாயியின் வளரி காற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தக் கையில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் மதில் வரைக்கும் கேட்டது. தளபதி குதிரையிலிருந்து விழுந்தான். அவன் விழுந்ததைப் பார்த்ததும் படை சிதறியது. வாளைப் போட்டுவிட்டு ஓடினவன், கொடியைப் போட்டுவிட்டு ஓடினவன், ஆற்றில் குதித்தவன் என்று, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது வெள்ளைத் துணியோடு நாலைந்து பேர் வந்தார்கள். நடுவில் தளபதி. வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. எஞ்சிய படை ஆற்றுக்கு அந்தக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சியதே நிறைய இருந்தது.

"சமாதானத்துக்கு வர்றான்," என்றாள் காத்தாயி. "மீசை, நீ போ. உன்னுது ஒண்ணுதான் கிட்டக்கப் பாத்தாலும் நிசம்."

"நீ?"

"நான் உனக்குப் பின்னால கேடயம் தூக்கிக்கிட்டு வர்றேன். வேலைக்காரன் மாதிரி."

எறிந்த வேகத்தில் தோளில் உரசி, அவள் மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. தலைப்பாகையின் முனையை இழுத்து வாயை மூடிக் கட்டிக்கொண்டாள்.

"அவன் என்ன குடுத்தாலும் வாங்கிக்க. என்ன கேட்டாலும் தலையை ஆட்டு. அவன் ஆத்தைத் தாண்டிப் போற வரைக்கும் நீதான் தளபதி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது தாயி."

முட்டுக் கொடுத்த மண்ணை விலக்கிக் கதவைத் திறந்து, வந்தவர்களை வாசலுக்குச் சற்று உள்ளே நிறுத்தினார்கள். வீரணனும் காத்தாயியும் மீசைச்சாமிக்கு முன்னால் நின்றார்கள். மேலே மதில் நிறைய மீசைகள்.

தளபதி இடது கையால் இடுப்பிலிருந்து எதையோ எடுத்தான். வாள் என்றுதான் வீரணன் நினைத்தான். அது வளரி. காத்தாயியின் வளரி. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"இத்தனை வருசத்துல என்னைக் குதிரையிலேருந்து யாரும் இறக்கினதில்லை," என்றான் தளபதி. "இதை எறிஞ்ச கைக்குக் குடுத்துட்டுப் போகணும்னு வந்தேன். அந்தக் கை உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டேன். இது என் சத்தியம்."

நீட்டினான். "உன்னுதுதானே?"

வீரணன் அசையவில்லை.

காத்தாயி கேடயத்தின் விளிம்பால் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

அவன் அசையவில்லை. அவன் கண் அந்தச் சிவப்பு நூலிலேயே இருந்தது.

"ஏன், உன்னுது இல்லையா?" தளபதியின் குரல் மாறியது. திறந்த கதவு வழியாக ஆற்றுக்கு அந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"வாங்கு," என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள் காத்தாயி.

வீரணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்குய்யா!"

கத்தியே விட்டாள். மதிலில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். எல்லோருக்கும் கேட்டது. வாயைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. மீசையின் ஒரு முனை தொங்கியது. மதில் மேல் பூவாயி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தளபதி காத்தாயியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் இருந்த கல்லைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

வளரியை நீட்டிய கை அப்படியே மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"வீரணா," என்றாள் காத்தாயி. இந்த முறை கத்தவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மீசை என்று கூப்பிடாமல் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சொன்னாக் கேளு. நீயே வாங்கிக்க."

வீரணன் ஓரடி விலகி, கல்லோடு ஒட்டி நின்றுகொண்டான்.

வாங்கவில்லை.