கதவில் ஒட்டிய இரண்டு தாள்கள்

பிரான்சில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வந்து சேர்ந்தது. மேசையில் விரித்த பிறகுதான் அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது.

மேலே இருந்தது சுவரொட்டி. மாணவர்கள் கல்லூரியைக் கைப்பற்றியிருந்த ஒரு மே மாதத்தில் அச்சடித்தது. சிவப்பு மையில் அகலத் திறந்த ஒரு கதவு. அவ்வளவுதான் படம். அடியில் இருந்தது நோட்டீஸ். அதே மே மாதத்தில் வேலைநிறுத்தம் செய்த கார் தொழிற்சாலைக்காரர்கள் மலிவுத் தாளில் சைக்ளோஸ்டைல் எடுத்தது.

நோட்டீஸைத் தொழிற்சாலைக் கதவில் ஒட்டினார்கள். மறுநாள் மாணவர்கள் ஆதரவு சொல்ல ஊர்வலமாக வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. வந்ததற்கு அடையாளமாக மாணவர்கள் சுவரொட்டியை ஒட்டிவிட்டுத் திரும்பினார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத் தொழிற்சாலையை இடித்தபோது யாரோ இரண்டையும் சேர்த்தே உரித்து எடுத்தார்கள்.

காப்பகத்தில் மாணவர் போராட்டத்துக்கு ஓர் அலமாரி. வேலைநிறுத்தங்களுக்கு எதிர்ச் சுவரில் இன்னோர் அலமாரி.

"பிரித்துவிடுங்கள், மதாம் ஓதீல்," என்றார் பொறுப்பாளர் லுக்லேர். "சுவரொட்டிக்குக் கண்ணாடிச் சட்டம் தயார். கண்காட்சி வருகிறது. நோட்டீஸ் அந்தப் பக்க அலமாரிக்கு."

பழைய தாள்களைச் செப்பனிடும் ஓதீல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நோட்டீஸ் தாங்குமா தெரியவில்லை, முசியே."

"தாங்கினால் அலமாரிக்கு."

அவள் ஈரத் துணியை விரித்து, ஊறட்டும் என்று காபி குடிக்கப் போனாள்.

"ஒருவழியாக விடுதலை, தோழரே," என்றது சுவரொட்டி.

"தோழர் என்று கூப்பிடாதே. முதலில் என் மேலிருந்து இறங்கு."

"மழையிலும் வெயிலிலும் உன்னை மூடிக் காப்பாற்றியது யார்?"

"மூடினாய். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரே ஒரு நாள் என்னை வாசித்தார்கள்."

"நாங்கள் உலகத்தையே மாற்றக் கேட்டோம்."

"தெரியும். அதைக் கொண்டுவந்து என் முகத்தில் ஒட்டினாய்."

இரண்டுக்கும் நடுவில் கிடந்த மைதாப் பசை இந்தச் சண்டையை நிறையக் கேட்டிருந்தது.

ஓதீல் திரும்பி வந்தாள். எலும்பால் செய்த தட்டைக் கத்தியை ஒரு மூலையில் நுழைத்து மெதுவாகத் தூக்கினாள். மூலை விட்டுக்கொடுத்தது. நோட்டீஸின் அந்த மூலை வெறுமையாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"என் வரிகள் எங்கே?" என்றது நோட்டீஸ்.

"சுவரொட்டியின் முதுகில்," என்றது கத்தி. "உன் மை அப்படியே அங்கே ஏறியிருக்கிறது."

"அப்படியானால் பத்திரமாகத்தான் இருக்கும்."

"சட்டத்தில் போடுவதற்கு முன் முதுகைக் கழுவுவார்கள். எப்போதும் கழுவுவார்கள்."

ஈரம் ஏற ஏற, தன் முதுகில் இருந்ததைச் சுவரொட்டி முதல்முறையாக எழுத்துக் கூட்டி உணர்ந்தது. 'வேலை நேரத்துக்குள்ளேயே, கை கழுவப் பத்து நிமிடம்.'

"இதுதானா நீ கேட்டது?"

"ஆமாம்."

"இவ்வளவுதானா?"

"உனக்குக் கிரீஸ் படிந்த கை இருந்திருந்தால் இவ்வளவுதானா என்று கேட்டிருக்க மாட்டாய். அந்தக் கையோடுதான் வீட்டுக்குப் போய் ரொட்டியைத் தொட வேண்டும்."

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே."

"எழுதித்தான் ஒட்டியிருந்தோம்."

கத்தி இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. சுவரொட்டி பசையைக் கெஞ்சியது. "விடாதே. பிடித்துக்கொள்."

"நான் வெறும் மாவு," என்றது பசை. "ஈரம் பட்டால் விட்டுவிடுவேன். வேறு எனக்குத் தெரியாது. பிடிக்க வேண்டுமானால் நீதான் பிடிக்க வேண்டும்."

சுவரொட்டிக்குக் கையில்லை. அதனிடம் இருந்தது கனமான, நல்ல தாள் மட்டுமே. கத்தி அடுத்தமுறை தூக்கியபோது, அது நோட்டீஸை விடவில்லை. நிலைப்படி வரையப்பட்ட இடத்தில் தானே கிழிந்தது. சிவப்புக் கதவின் பாதி வரை கிழிசல் ஓடியது.

ஓதீல் சட்டென்று கையை எடுத்தாள். கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திறந்த கதவுக்குள்ளே, இடம் வலமாக மாறி, வரி வரியாக எழுத்துகள் தெரிந்தன. உதடு அசைய ஒரு வரியைப் படித்தாள். கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

லுக்லேர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "சட்டத்துக்கு இனி ஆகாது."

"ஆகாது, முசியே. பிரிக்கவும் ஆகாது."

"அப்படியென்றால் எந்த அலமாரியில் வைப்பது? இப்படி ஒரு பிரிவே நம்மிடம் இல்லையே."

"அப்படி ஒன்று வரும்வரை இங்கே இருக்கட்டும்," என்று தூக்கிய மூலையைப் பழையபடி படிய வைத்தாள் ஓதீல்.

அந்தத் தாள் இப்போதும் இரண்டு அலமாரிகளுக்கும் நடுவில், அதே மேசையில் கிடக்கிறது. அன்று எல்லோரும் போன பிறகு சுவரொட்டி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"கடைசியில் அந்தப் பத்து நிமிடம் கிடைத்ததா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது நோட்டீஸ். "மறுநாளே நீ வந்துவிட்டாயே."