வெள்ளைக் கோடு போட்ட தெரு

ரோசம்மா மேல் எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு பேரும் ஒரே நாளில்தான் நகராட்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட அவள் சோம்பேறி.

நகராட்சியில் காசு இல்லை என்று பாதித் தெருவிளக்கை நிறுத்தினார்கள், பூங்காவைப் பூட்டினார்கள். அடுத்து எங்கள் முறை. ஒரு நாள் காலையில் ஆணையர் நாலு கவுன்சிலர்களோடு எங்கள் வார்டுக்கு வந்தார். பெரிய ஆள் வந்தால் என்ன செய்வோம்? எங்கள் வார்டுத் துப்புரவாளர்கள் பன்னிரண்டு பேரும் அவர் வருகிற தெருவை மட்டும் கூட்டி, ரெண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போடுவோம். அன்றும் அதேதான்.

ஆணையர் தெருவைப் பார்த்தார். "நான் எப்ப வந்தாலும் பளிச்சுனு இருக்கு. முப்பது தெருவுக்குப் பன்னிரண்டு பேர் தண்டம். நாளையிலேர்ந்து ரெண்டு பேர் போதும். ஆனா இதே சுத்தம் இருக்கணும்!"

ரோசம்மா கும்பிட்டாள்.

"ரெண்டு பேர்கூட வேணாங்கய்யா. நீங்க போற தெருவெல்லாம் தானா சுத்தமாயிடுது. தினமும் முப்பது தெருவையும் ஒரு நடை நடந்துடுங்க, போதும்."

ஒரு கவுன்சிலர் சிரித்துவிட்டார். "வாங்க சார், பக்கத்துத் தெருவையும் பார்ப்போம்."

அது கோடு போடாத தெரு. பத்தடி போவதற்குள் அழுகின முட்டைக்கோசில் ஆணையரின் ஷூ வழுக்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டே, "பன்னிரண்டு பேரும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இப்போது டீக்கடையில் ரோசம்மாவுக்குத்தான் ஸ்டூல் போடுகிறார்கள். என் வேலையும் அவளால்தான் தப்பியது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.