ஏழாம் கோளில் நின்றுபோன மாமாக்கள்

தமயந்தியின் மூன்று மாமாக்களையும் முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள், முதலில் அவர்களோடு அரை மணி நேரம் வாதாடிப் பார்க்க வேண்டும். தவளைக்குறிச்சியில் அப்படி வாதாடிப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தமயந்திக்கு வேறு வழியும் இல்லை. கணினித் துறையில் கடைசி வருடம். தேர்வுக்காக ஒரு வீடியோ கேம் செய்திருந்தாள். சின்ன ஆட்டம்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஏழாம் கோளில் பாழடைந்து கிடக்கும் விண்வெளி நிலையத்தில் ஓர் இயந்திர மனிதன் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மேடைக்கு மேடை தாவி, கதவுகளின் புதிரை அவிழ்த்து, விண்கலம் ஏறிப் பூமிக்கு வந்து சேர வேண்டும். துறையின் விதி என்னவென்றால், வெளியாட்கள் மூன்று பேர் ஆட்டத்தை முழுசாக ஆடி, முடித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்குள் கையெழுத்து இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. ஒரு வருடம் போச்சு.

மற்றவர்களுக்கெல்லாம் தோழிகளின் தோழிகள் வந்து ஆடிக் கொடுத்தார்கள். தமயந்தியோ, ஆட்டத்தில் எழுத்தெல்லாம் தமிழில்தான் இருக்கும் என்று ஆரம்பித்த சண்டையிலிருந்து வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரோடும் வாதாடி, எல்லோரையும் ஜெயித்திருந்தாள். ஜெயித்தவளுக்கு உதவ யார் வருவார்கள்? துறையின் கணினி அறைக்கு மாமாக்கள் வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. மூத்தவர் பொங்கியண்ணன், அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி குழந்தைசாமி.

"கண்ணு, நீ ஒண்ணும் கவலைப்படாதே. என்ன எழுதியிருக்குதோ அதை அப்படியே செஞ்சுடறோம்" என்றார் பொங்கியண்ணன்.

அங்கேதான் வந்தது வினை.

திரையில் முதல் வரி வந்தது: 'குதிப்பதற்கு நீளப் பொத்தானை அழுத்தவும்.' பொங்கியண்ணன் அழுத்தினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்.

"மாமா! நீங்க இல்ல, அவன்தான் குதிக்கணும்!"

"அவனுந்தான் குதிச்சான் கண்ணு. நான் பார்த்தேன். பெரியவங்களைப் பார்த்துத்தானே கத்துக்குவான்?"

"அண்ணா, அடுத்த பள்ளம் பெருசா இருக்குதுங்" என்றார் நாச்சிமுத்து. "நாற்காலி பத்தாதுங். மேசை மேல ஏறுங்."

மேசையின் ஒரு கால் போனது. அதைப் பற்றி இங்கே பேசிப் பயனில்லை. மாமாக்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திர மனிதன் பள்ளத்தைத் தாண்டிவிட்டான் அல்லவா.

இரண்டாம் அறையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி மின்னியது: 'ஆக்சிஜன் குறைகிறது!' வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகத் தமயந்தி வைத்த எச்சரிக்கை அது. மாமாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இருக்கிற காற்றை அந்தப் பையனுக்கு விட்டுக்கொடுப்பதுதானே மனிதத்தன்மை?

"மாமா, அது விளையாட்டுக் காத்து! மூச்சு விடுங்க!"

குழந்தைசாமி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார். இருந்தும் விரலால் திரையைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினார். அவர்கள் அசையாமல் நின்ற நேரத்தில் இயந்திர மனிதன் சுருண்டு விழுந்தான். மூவரும் அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

"இத்தனை மிச்சம் பிடிச்சும் போய்ச் சேர்ந்துட்டானே" என்று பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்தார்.

"பக்கத்து மேசைப் புள்ள மூச்சு விட்டுக்கிட்டே இருந்துச்சுங்ணா" என்றார் குழந்தைசாமி. "நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நிறுத்தவே இல்லைங்."

பக்கத்து மேசைப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அதனாலோ என்னவோ அடுத்த முறை ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் அறைதான் ஆட்டத்தின் உயிர். தமயந்தி மாதக்கணக்கில் யோசித்துச் செய்தது. தரையில் ஒரு பலகை. அதன் மேல் யாராவது நின்றால்தான் கதவு திறக்கும். இறங்கினால் மூடிக்கொள்ளும். பச்சைப் பொத்தானைத் தட்டினால் இயந்திர மனிதனுக்கு ஒரு நகல் வரும். நகலைப் பலகையில் நிறுத்திவிட்டு நாம் கதவைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

நகல் வந்தது. பலகையில் நின்றது. கதவு திறந்தது. பொங்கியண்ணன் திரையில் கதவு வரை போய் நின்றார்.

"சொல்லாம கொள்ளாம எப்படிக் கிளம்பறது?" என்று திரையைப் பார்த்துக் கைகூப்பினார். "போயிட்டு வர்றோம் தம்பி."

கதவைத் தாண்டினார். உடனே திரும்பி உள்ளே வந்தார்.

"ஏன் மாமா திரும்பி வந்தீங்க?"

"வர்றோம்னு சொன்னமே."

"அது சும்மா வாய்வார்த்தை மாமா!"

"சும்மாவா? அந்தத் தம்பி வாசலையே பார்த்துக்கிட்டு நிக்குது. சும்மா சொன்னேன்னு அதுகிட்டப் போய் நீ சொல்லு பார்க்கலாம்."

"அப்ப சொல்லாம போங்க!"

மூன்று பேரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். அக்கா இப்படியா வளர்த்தாள் என்கிற பார்வை. பிறகு மறுபடி சொல்லிக்கொண்டு போனார்கள், மறுபடி வந்தார்கள். மணி மூன்றரை ஆகிவிட்டது.

தமயந்தி வாதத்தில் இறங்கினாள். தோற்றுப் பழக்கமில்லாதவள். "உங்க நியாயப்படியே வர்றேன். ஒருத்தர் போகணும், ஒருத்தர் நிக்கணும். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். யார் போனா என்ன?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமாக்கள் தலையைச் சேர்த்து வைத்து யோசித்தார்கள்.

"பொண்ணு சொல்றது ஞாயம்" என்றார் நாச்சிமுத்து. "சின்னவன் அவன். அவன் ஊர் போய்ச் சேரட்டும். நாம நின்னுக்குவோம்."

இரண்டில் எந்த உடம்பை வேண்டுமானாலும் நடத்தலாம் என்று ஆட்டத்தை எழுதியவளும் அவள்தான். ஆகவே மாமாக்கள் பலகையில் நின்றுகொண்டார்கள். நகல் போயிட்டு வர்றேன் என்று சொல்லாமலே கிளம்பியது ("இந்தக் காலத்துப் பசங்க" என்றார் பொங்கியண்ணன்), தாவியது, கலத்தில் ஏறியது. திரையில் பொன்னெழுத்து பளிச்சிட்டது: 'வாழ்த்துகள்! நீங்கள் பூமிக்குத் திரும்பிவிட்டீர்கள்!'

மணி மூன்றே முக்கால். தமயந்தி பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க மாமா. என் வருஷம் பிழைச்சுது."

பொங்கியண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாம எங்க கண்ணு முடிச்சோம்? நாம அங்கதானே நிக்கறோம்."

"இங்க என் முன்னாடி நிக்கறது யாரு?"

"பூமிக்கு வந்தது நகல்" என்றார் அவர் பொறுமையாக. "அப்ப நாங்க நகல்தான். நகல் போட்ட கையெழுத்து செல்லுமா? நாளைக்கு யாராவது கிளறினா உன் படிப்புக்கே ஆபத்து. நாங்க அதுக்குச் சம்மதிக்க மாட்டோம்."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றார் குழந்தைசாமி. அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

தமயந்தி கத்தினாள். தர்க்கம் பேசினாள். மேசையில் குத்தினாள், மூன்று காலில் நின்ற மேசை அவள் மேல் சாய்ந்தது. அந்தச் சத்தத்துக்குத் துறைத் தலைவர் தில்லைநாயகம் உள்ளே வந்தார். கண்டிப்பான மனிதர். விதி என்றால் விதி.

"சார், நீங்களே கேளுங்க சார் இந்த அநியாயத்தை! இவங்க தங்களை நகல்னு சொல்றாங்க!"

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நகலா? அப்படின்னா 'உண்மை நகல்'னு அதிகாரி மேலொப்பம் வேணுமே."

தமயந்தி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை.

அவர் சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். "ஆனா ஒரிஜினலோட ஒத்துப் பார்க்காம நான் போட மாட்டேன். ஒரிஜினல் எங்கே?"

மூன்று மாமாக்களும் ஆளுக்கொரு கையால் திரையைக் காட்டினார்கள். ஏழாம் கோளில், பலகையின் மேல், இயந்திர மனிதன் நின்றுகொண்டிருந்தான். தில்லைநாயகம் குனிந்து அவனைப் பார்த்தார், நிமிர்ந்து பொங்கியண்ணனைப் பார்த்தார்.

"காது சரி. நெத்தி சரி. மூக்கு வித்தியாசப்படுதே?"

"சார், நான் மூக்கே வரையல சார்!"

"அப்ப ஒரிஜினல்ல பிழை இருக்கு. திருத்திக் கொண்டு வா. அஞ்சு நிமிஷம் இருக்கு."

தமயந்தி உட்கார்ந்து மூக்கு வரைந்தாள். பொங்கியண்ணன் பக்கவாட்டில் திரும்பி மாதிரி காட்டினார். நகல் மூன்று என்பதால் மூக்கும் மூன்று வைக்க வேண்டும் என்று நாச்சிமுத்து வாதாடினார். ஜெயித்தார்.

தில்லைநாயகம் மறுபடி ஒத்துப் பார்த்தார். நாச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, 'உண்மை நகல்' என்று எழுதப் பேனாவை வைத்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். நகல் மூணும் வேட்டி கட்டியிருக்கு. ஒரிஜினல் கட்டலையே?"

மாமாக்கள் திரையை உற்றுப் பார்த்தார்கள். மூன்று பேர் முகமும் வெளிறிப்போனது.

"ஐயய்யோ, பொம்பளப் புள்ளைங்க படிக்கற இடம்!" என்று அலறியபடி பொங்கியண்ணன் தோள்துண்டை உருவி, பாய்ந்து போய்க் கணினியின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"இப்ப சரி. நகல் கையெழுத்து செல்லும்" என்று தில்லைநாயகம் மூவர் மணிக்கட்டிலும் மேலொப்பம் போட்டார்.