எட்டாவது நர்ஸ்

ஊர்ப் பெயர் எதற்கு? ஓர் அரசு மருத்துவமனை. அதில் குறைமாதக் குழந்தைகள் வார்டு. எட்டு நர்ஸுகள், ஒரே சிங்க். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே நுண்ணுயிரியல் டாக்டர் தெய்வானை ஆறு மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை தடவை கை கழுவுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணினாள். யார் பெயரும் எந்த நிலையிலும் வெளியே வராது என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் நர்ஸுகள் சம்மதித்தார்கள்.

கட்டுரை ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஏழு பேர் ஒழுங்காகக் கழுவுகிறார்கள். ஒருவர் சிங்க் பக்கமே போவதில்லை. அந்த ஒருத்தி எமல்டா சிஸ்டர். சோப்பு பட்டால் அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். அதனால் பையிலிருக்கும், கிருமி கொல்லும் ஸ்பிரிட் மருந்தைக் கையில் தேய்த்துக்கொள்வாள். தெய்வானைக்கு இது தெரியும். ஆனால் அவள் எண்ணியது சிங்க்கை மட்டும்.

கட்டுரையைப் படித்த மற்ற ஏழு பேருக்கும், அந்த ஒருத்தி தாங்கள்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ரோஷம் வந்துவிட்டது. தொட்டதற்கெல்லாம் கழுவினார்கள். வார்டைத் துடைக்கும் அங்கம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"சோப்பு கட்டுப்படியாகல டாக்டரம்மா. மாசம் ஒரு கேன்தான் தர்றாங்க. தீரத் தீர பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கி வெச்சுர்றேன். ஒருநாள்கூட காலியா நிக்கல."

"உன்னைத்தான் ஸ்டோர்ல போடணும்" என்று சிரித்துவிட்டுப் போனாள் தெய்வானை.

பிறகு காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாளில் மூன்று குழந்தைகள். மூன்று ரத்தத்திலும் ஒரே கிருமி. ஒரு குழந்தை, எடை ஒரு கிலோ நூறு கிராம், பிழைக்கவில்லை. இன்று காலை நான்காவது குழந்தை பால் குடிக்க மறுத்தது.

கண்காணிப்பாளர் அருளப்பன் தெய்வானையைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவள் கட்டுரை, சிவப்பில் அடிக்கோடிட்டு.

"ஒருத்தி கழுவுறதில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யாரு?"

"பேர் சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் சார்."

"செத்த குழந்தைக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்தீங்களா?"

அருளப்பன் கட்டுரையை அவள் பக்கம் தள்ளினார்.

"ஏற்கெனவே ஆள் இல்ல. எமல்டா மகள் பிரசவத்துக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. மிச்சம் ஏழு பேர். அதுல ஒருத்தியை அனுப்பிட்டு எப்படி ஓட்டுறதுன்னு தெரியல. ஆனாலும் அனுப்புவேன். நாலு மணிக்குள்ள பேர் வேணும். இல்லன்னா வார்டை மூடுறேன். பத்துக் குழந்தையும் எண்பது கிலோமீட்டர் ஆம்புலன்ஸ்ல போகட்டும். எத்தனை போய்ச் சேருதுன்னு எண்ணிக்குங்க. எண்றதுல நீங்க கெட்டிக்காரியாச்சே."

மணி மூன்றரை. பெயரைச் சொன்னால் வாக்குப் போகும். 'அந்த ஆள் லீவில் இருக்கிறாள்' என்றாலும் பெயரைச் சொன்னதுதான். லீவில் இருப்பவள் ஒருத்திதானே. சும்மா இருந்தால் குழந்தைகள் கிளம்ப வேண்டும்.

தெய்வானை வார்டுக்குள் போனாள். ஒரு நர்ஸ் முழங்கைவரை சோப்புப் போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். குறையே சொல்ல முடியாது. கழுவிய கையோடு நான்காவது குழந்தையின் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் போனாள்.

"நில்லுங்க சிஸ்டர். தொடாதீங்க" என்றாள் தெய்வானை.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு பொருளைக் கொண்டுபோய் அருளப்பன் மேசையில் வைத்தாள். வாக்கை மீறவில்லை. பொய் சொல்லவில்லை. வார்டும் மூடப்படவில்லை.

அவள் வைத்த பொருள் என்ன? கிருமியைக் குழந்தைகளிடம் சேர்த்தது யார்?

விடை: சோப்பு பாட்டில். காய்ச்சல் வந்த நாட்களில் கழுவாதவள் ஊரிலேயே இல்லை. குழந்தைகளைத் தொட்ட ஏழு பேரும் கழுவியவர்கள். அப்படியானால் கழுவியதில்தான் கோளாறு. தண்ணீர் கலந்த சோப்பில் கிருமி சாகாது, வளரும். 'தீரத் தீரத் தண்ணி ஊத்தின சோப்பு சார், இதுலதான் எல்லாரும் கழுவுறாங்க' என்று மட்டும் அவள் சொன்னாள்; சோதனை முடிவு வரும்வரை பொறுக்க அருளப்பன் ஒப்புக்கொண்டார். அன்றே பாட்டிலை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஸ்பிரிட் மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள், பாட்டில் சோப்பைச் சோதித்ததில் அதே கிருமி வந்தது. நான்காவது குழந்தை பிழைத்தது. சேர்த்தது யார் என்றால், அங்கம்மாள் தலையில் கட்டாதீர்கள். அவள் மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தவள் இருக்கிறாள். அடுத்த இதழில் பத்து வரித் திருத்தம் வந்தது: 'கைகளை எண்ணினேன்; பாட்டிலைப் பார்க்கவில்லை.' அதில் தவறு செய்தவர் பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. தெய்வானை.