இருபத்து மூன்றாம் வாரம்

எழுத்தாளர் வெண்நாரை இறந்துபோன செய்தி ஆசிரமத்துக்கு வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அதுவும் கத்தரிக்காய் சுற்றி வந்த தாளில்தான் வந்தது. சமையல்கட்டில் ஆவுடையம்மாள் தாளைப் பிரித்தாள், அவர் படத்தைப் பார்த்தாள், அரிவாள்மணையை ஒதுக்கி வைத்தாள். அன்றைய குழம்பில் உப்பு இல்லை.

மறுநாள் காலை அவள் சாமியைத் தேடிப் போனாள். சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மனசு சரியில்லை."

"நேத்துக் குழம்புலயே தெரிஞ்சுதே."

அவள் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த காகிதம். மடிப்பெல்லாம் பழுத்துப் போயிருந்தது.

"வெண்நாரைன்னு ஒருத்தர், கதை எழுதுறவர். அவருக்கு எழுதின கடுதாசி. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"ஏன் அனுப்பலை?"

"அவர் தொடர்கதை ஒண்ணு வாராவாரம் வந்தது சாமி. மொத்தம் நாப்பத்தோரு வாரம். நான் நாப்பதுதான் படிச்சேன். இருபத்து மூணாவது வாரம் கடைக்காரர் என் பத்திரிகையை யாருக்கோ வித்துட்டார்."

"ஒரு வாரம்தானே?"

"'உங்கள் கதையை முழுவதும் படித்தேன்'னு முதல் வரியிலேயே எழுதியிருக்கேனே. அது பொய்தானே? அதையும் படிச்சிட்டு அனுப்பலாம்னு வச்சிருந்தேன். நான் ஏறி இறங்காத பழைய பேப்பர் கடை இல்லை. கதை புத்தகமா வரலை, பத்திரிகையும் நின்னு போச்சு. இப்ப அவரும் போயிட்டார்."

"அந்த வரியை அடிச்சிட்டு அனுப்பியிருக்கலாமே."

"அடிச்ச காகிதத்தையா அவருக்கு அனுப்புறது?"

சாமி வேட்டியை முறுக்கிப் பிழிந்தார். அவள் விடவில்லை.

"எட்டாம் வகுப்போட என்னை நிறுத்திட்டாங்க சாமி. வாழப்போன வீட்டுல என்கிட்டப் பேச ஆள் கிடையாது. சோறு போடு, தண்ணி கொண்டா, அவ்வளவுதான். வியாழக்கிழமை அந்தப் பத்திரிகை வரும். அது வரும்ங்கிற நினைப்புலதான் மத்த ஆறு நாளும் ஓடுச்சு. கிணத்துல விழாம இருந்தேன்னா அவரால. அதை அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே விட்டுட்டேனே."

"சரி."

"அடுப்படியில பட்டம்மாள் இதை ஆத்துல விடச் சொல்றா. மேனேஜர் பேப்பர்ல வந்த படத்துக்கு முன்னால வாசிக்கச் சொல்றார். எதுவும் மனசுக்கு ஒப்பலை. இனி இதை எந்த விலாசத்துக்கு அனுப்புறது, நீங்க சொல்லுங்க."

"வாசிங்க, கேப்போம்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'அன்புள்ள ஐயா, உங்கள் கதையை முழுவதும் படித்தேன். மின்னியை எனக்குத் துணையாக அனுப்பியதற்கு...'"

"மின்னி யாரு?"

ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மின்னியைத் தெரியாத ஒரு மனிதரிடம் அவளைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது?

"அது பெரிய கதை சாமி."

"காய் நறுக்குறப்ப சொல்லுங்க. நானும் வந்து நறுக்குறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் சமையல்கட்டின் பின்வாசல் பக்கம் கதை நடந்தது. சாமி வெண்டைக்காய் நறுக்கினார். ஒன்று விரல் நீளம், ஒன்று நகக்கண் அளவு. உடன் சமைக்கும் பட்டம்மாள் அதைத் திரும்ப எடுத்துச் சீராக்கினாள்.

மின்னி மேகம் மேய்க்கிறவள். மற்றவர்கள் ஆடு மேய்ப்பது போல, மணி கட்டிய கம்பை வைத்துக்கொண்டு மலைமேல் மேகங்களை ஓட்டிப் போவாள்.

"மேகத்துக்குப் புல்லா போடுவா?" என்றாள் பட்டம்மாள்.

"பாறையில இருக்கிற ஈரத்தை மேயும். பேசாம கேளு."

ஒரு நாள் மந்தையில் குட்டிமேகம் ஒன்று குறைகிறது. அதைத் தேடித்தான் மின்னி புறப்படுகிறாள். காற்றைக் கூண்டில் அடைத்து விற்கிற ஊர், எல்லாரும் வயதானவர்களாகவே பிறக்கிற ஊர், எல்லாம் தாண்டிப் போகிறாள். கிண்டல் செய்த பட்டம்மாளே மூன்றாம் நாள் குக்கர் விசில் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கதை பாழுங்கிணற்றுக்கு வந்தது. கிணற்றில் ஏதோ முனகல் கேட்டு மின்னி இறங்குகிறாள். மேலே இருந்த வழிப்பறிக்காரன் கயிற்றை அறுத்துவிடுகிறான்.

ஆவுடையம்மாள் அதோடு நிறுத்தினாள்.

"ம், அப்புறம்?" என்றாள் பட்டம்மாள்.

"இதுதான் நான் படிக்காத வாரம். அடுத்த வாரம் ஆரம்பிக்கிறப்ப அவ உப்பளத்துல நடந்து போயிட்டிருப்பா. தலைமுடியெல்லாம் நனைஞ்சிருக்கும். எப்படி வெளியே வந்தான்னு தெரியாது. அதுக்கப்புறம் அந்தக் குட்டிமேகத்தை அவ தேடவே மாட்டா, பேரைக்கூடச் சொல்ல மாட்டா. அவர் மேல எனக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான். ஏன் தேடலைன்னு கடுதாசியிலயும் கேட்டிருக்கேன்."

"ஒன்பது நாள் உக்கார வச்சுட்டு இப்படிச் சொல்றியே. உன் கதையும் நீயும்."

பின்வாசலில் இலைக்கட்டை இறக்கி வைத்த சண்முகையா அங்கேயே நின்றார். வாரத்துக்கு இரண்டு நாள் வாழையிலை கொண்டுவந்து போடுகிறவர். போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவார்.

"யக்கா, அந்தப் பிள்ளை கையில ஒரு கம்பு இருக்குமா? மணி கட்டி?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கால் ஒடிஞ்சு நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்ப எனக்கு மீசைகூடச் சரியா முளைக்கல. யாரோ விட்டுட்டுப் போன பத்திரிகை ஒண்ணுதான் கட்டில்ல இருந்தது, அட்டைகூட இல்லாம. அதுல இந்தக் கதை ஒரே பக்கம், மணி கட்டின கம்போட அந்தப் பிள்ளை படமும். அது மனப்பாடமே ஆயிடுச்சு. முன்னால என்ன, பின்னால என்ன, யார் எழுதினது, ஒண்ணும் தெரியாது."

சாமி கையிலிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க தம்பி," என்றாள் ஆவுடையம்மாள்.

சண்முகையா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அவர் பேச்சு மாறியது.

"'கிணற்றின் அடியில் குட்டிமேகம் கிழிந்த துணிபோலக் கிடந்தது. மின்னி அதை மடியில் எடுத்து வைத்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டது மேகம். உன்னைத் தேடித்தான் என்றாள். எனக்குப் பறக்க வலுவில்லை என்றது. மின்னி ஒன்றும் கேட்கவில்லை. இரவெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். விடிந்தபோது மேகம் தானாகப் பெய்தது. கிணறு நிறைந்தது. மின்னி மிதந்து மேலே வந்தாள். மடியைப் பார்த்தாள். அங்கே ஈரம் மட்டும் இருந்தது.'" மூச்சு விட்டார். "அவ்வளவுதான் யக்கா. அடுத்த வாரம்னு போட்டிருந்தது."

ஆவுடையம்மாள் தன் மடியைப் பார்த்தாள்.

"அதனாலதான் தேடலை," என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். பிரித்து, கீழிருந்த கேள்வியைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தாள். முதல் வரியை அடிக்கவில்லை.

"இப்ப நாப்பத்தொண்ணும் ஆயிடுச்சு சாமி. இனி இது பொய்யில்லை. ஆனா வாங்கிக்க அவர் இல்லையே. ஒன்பது நாளா நீங்களும் பதில் சொல்லலை. இதை எங்கே அனுப்ப?"

சாமி பதில் சொல்வதற்குள் சண்முகையா இலைக்கட்டின் பக்கத்தில் குந்திவிட்டார்.

"யக்கா, மேகம் எப்படித் தொலைஞ்சது? அந்தப் பிள்ளை எந்த ஊரு? உப்பளம்னீங்களே, அங்கிருந்து எங்க போனா?"

"உன் இலைவண்டி நடுரோட்டுல நிக்குது, பின்னால வர்றவன் ஆரன் அடிக்கிறான் பாரு," என்றாள் பட்டம்மாள்.

"அடிக்கட்டும்."

சாமி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைச் சண்முகையா பக்கம் நகர்த்திப் போட்டார். தரையில் உட்கார்ந்து மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"விலாசம் இதோ வந்து உக்காந்திருக்கு அம்மா. முதல் வாரத்துல இருந்து ஆரம்பிங்க."