நிறுத்தாமல் போன வண்டி

"அவனுக்குத் துணையா நிக்கலாமா, கூடாதாம்மா?"

கேட்டவர் மாசிலாமணி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வருடக்கணக்காக வந்து போகிறவர்.

ஆசிரமத்து அம்மா கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். மாசிலாமணிக்கு அவர்தான் குரு.

"யாருக்கு?"

"அங்கமுத்துவுக்கு. என் சிநேகிதன். சப் ஜெயில்ல இருக்கான்."

அங்கமுத்துவின் லோடு வேன், சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டது. வண்டி நிற்காமல் போய்விட்டது. சைக்கிளில் போனவருக்கு ஒரு கால் போயிற்று. உடைந்த முகப்பு விளக்கை வைத்துப் போலீஸ் முதலில் வேனைப் பிடித்தது, பிறகு அங்கமுத்துவைப் பிடித்தது. வேனை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டதாக அவன் சாதிக்கிறான்.

"அன்னிக்கு ராத்திரி அவன் என் வீட்ல இருந்தான்னு நான் சொல்லணுமாம். சொல்லியனுப்பியிருக்கான்."

"இருந்தாரா?"

"இல்ல."

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம் படுத்த படுக்கையா கெடந்தப்ப, அந்த வேன்லதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். எப்பக் கூப்பிட்டாலும் வந்தான். அவனப் போய்ப் பாக்காம எப்படி இருக்கறது? பாத்தா, முகத்துக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? போனா ஊர்ல ஒரு பேச்சு. போகாட்டி நன்றிகெட்டவன்."

"சரி, நீங்க யோசிங்க. நான் போயிட்டு வரேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்கம்மா?"

"கால் போனவரைப் பாக்க."

அந்த மனிதரின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து பின்னாலேயே நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் பாதம்வரை மேடாக இருந்தது. மறுபக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டது. அவர் மனைவி பூமயில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?"

அம்மா மாசிலாமணியைப் பார்த்தார்.

மாசிலாமணி ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்... அங்கமுத்துவோட சிநேகிதன்."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஆளைப் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

சொன்ன பிறகுதான், போவதென்று முடிவு செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"ஏன் நிறுத்தலன்னு கேளுங்க. இடிச்சது சரி, இருட்டு, தெரியல. எறங்கி ஒரு தடவ பாத்திருக்கலாம்ல? விடியற வரைக்கும் ரோட்டோரத்துல கெடந்திருக்காரு. அப்பவே கொண்டாந்திருந்தா கால் தப்பிச்சிருக்குமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

சப் ஜெயிலில் கைதியைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டு மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். அம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க உள்ள வரலியாம்மா?"

"எனக்கு அவர் சிநேகிதர் இல்லியே."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அங்கமுத்துவின் முகம் மலர்ந்தது. நாலே நாளில் தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தான்.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டா. வக்கீல் என்ன சொல்றாருன்னா, நீ மட்டும் ஒரு வார்த்தை..."

"அப்படிச் சொல்ல மாட்டேன், அங்கமுத்து."

அங்கமுத்துவின் முகம் இறுகியது.

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"கால் போனவரோட சம்சாரம் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஏன் நிறுத்தல?"

"நான் ஓட்டவே இல்லன்னு சொல்றேன்ல!"

மாசிலாமணி வலையை இன்னும் ஒரு அடி நெருங்கினார்.

"போய்யா. நீயும் போ."

அங்கமுத்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். மாசிலாமணி போகவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் மகனிடம் அழுதுகொண்டிருந்தாள். நேரம் முடியப் போகிறது என்று காவலர் குரல் கொடுத்தார்.

"பயந்துட்டேன்," என்றான் அங்கமுத்து, திரும்பாமலே.

மாசிலாமணி வலையில் கை வைத்தார்.

"கண்ணாடில பாத்தேன்டா. பின்னால இருந்த லைட்டு வெளிச்சத்துல கை அசைஞ்சுது. உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ஆக்சிலேட்டர மிதிச்சேன்."

அவன் தோள் குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்."

"பின்ன?"

"ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடறேன். வெளிய வா. நீயே வந்து சொல்லு."

"அவங்க ஆளுங்க அடிச்சாங்கன்னா?"

மாசிலாமணி யோசித்தார்.

"தடுக்க மாட்டேன். பக்கத்துலயே நிப்பேன்."